கடன் வாங்கி ட்யூப் ஆம்ப் எடுக்கும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் கிட்டார் ஆம்ப்ளிபையர்கள் பற்றி வந்த கட்டுரையை நான் ஞாயிற்றுக்கிழமை பார்க்கவில்லை. திங்கட்கிழமை காலை, கடை திறந்து பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது, நாலாக மடித்த துண்டுப் பேப்பராக அது என் மேஜைக்கு வந்தது. கொண்டுவந்தவன் சர்ச் பாடகர் குழுவில் கிட்டார் வாசிக்கிற பையன். டிப்ளமோ முடித்து வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. "அண்ணாச்சி, நம்ம ஆம்ப்பை யாராவது கேட்டா குடுத்துரலாம். பேங்க்ல லோன் கேட்டுருக்கேன், ட்யூப் ஆம்ப் எடுக்கப் போறேன்" என்றான்.

இருக்கிற ஆம்ப்புக்கு என்ன கேடு என்று கேட்டேன். பேப்பரைப் பிரித்துக் காட்டினான். ட்யூப் ஆம்ப்தான் அசல், டிரான்சிஸ்டர் ஆம்ப் பழகுகிறவர்களுக்கான மலிவுச் சரக்கு, டிஜிட்டல் ஆம்ப் செய்வது மிமிக்ரி என்கிற ரீதியில் போகிறது கட்டுரை.

அவனை உட்கார வைத்து, டீ சொல்லிவிட்டு, முழுவதும் படித்தேன். எழுதியவர் நல்ல ரசிகர், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவர் மூன்றையும் கேட்ட விதத்தைப் பாருங்கள். ட்யூப் ஆம்ப்பை ஸ்டுடியோவில் பெரிய ஸ்பீக்கர் பெட்டி வைத்துக் கேட்டிருக்கிறார். டிரான்சிஸ்டரை எட்டங்குல ஸ்பீக்கர் போட்ட சின்ன ஆம்ப்பில். டிஜிட்டலை ஹெட்போனில். ஒரே மாவை ஒரு தடவை இரும்புக் கல்லிலும் ஒரு தடவை அலுமினியத் தட்டிலும் ஊற்றிவிட்டு, மாவு சரியில்லை என்று சொன்ன மாதிரி இருக்கிறது. நான் பாளையங்கோட்டையில் 38 வருடமாக ஆம்ப்ளிபையர் பழுது பார்க்கிறவன். இதைப் படித்துவிட்டு இன்னும் எத்தனை பையன்கள் லோன் பாரத்தை நிரப்புகிறார்களோ என்றுதான் இந்தக் கடிதம்.

எனக்கு வால்வு மேல் பகை கிடையாது. (ட்யூப் என்கிற அந்தக் கண்ணாடிக் குழாயை நாங்கள் வால்வு என்போம். ட்யூப் என்பது அமெரிக்கப் பேச்சு, இன்றைய பிள்ளைகள் வீடியோ பார்த்துப் பழகியது.) அப்பா மைக் செட் வைத்திருந்தார். அம்மன் கோயில் கொடை என்றால் புளியமரத்தில் குழாய் கட்டி, ஆம்ப்பைப் பந்தல் ஓரம் பெஞ்சில் வைப்பார்கள். சுவிட்சைப் போட்டதும் சத்தம் வராது. உள்ளே இழை சிவந்து, வால்வு சூடேறி, அரை நிமிடம் கழித்து ஒரு முனகல் கேட்கும், அப்புறம்தான் பாட்டு. மார்கழி விடியலில் திருப்பாவை போடும்போது அந்த ஆம்ப்பின் மூடிமேல் உள்ளங்கையை வைத்துக் குளிர் காய்ந்திருக்கிறேன். பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் வால்வுகளை அப்பா பழைய வேட்டித் துணியில் சுற்றி டிரங்குப் பெட்டிக்குள் வைத்திருப்பார். எங்களைத் தொட விடமாட்டார்.

பத்து வயதில் ஒரு நாள் தொட்டேன், வால்வை இல்லை, திறந்து கிடந்த ஆம்ப்பின் அடிப்பக்கத்தை. சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிய பிறகுதான் தொட்டேன். கை தோள்பட்டை வரை மரத்துப்போய்ச் சுவரில் சாய்ந்து கிடந்தேன். பெரிய வால்வு ஆம்ப்பில் 400 வோல்ட்டுக்கு மேலே ஓடும். பிளக்கைப் பிடுங்கினாலும் கண்டென்சருக்குள் அது தங்கி நிற்கும். "ஒரு கையைப் பாக்கெட்டில் போட்டுக்கிட்டு வேலை பாரு" என்று அப்பா சொல்லிக் கொடுத்தது அன்றைக்குத்தான். ஒரு கை வழியாக ஏறுவது மறு கை வழியாக இறங்கினால் நடுவில் நெஞ்சு இருக்கிறது, அதற்காக. உங்கள் கட்டுரையில் வால்வு மாற்றுவது பல்பு மாற்றுவது போல என்று ஒரு வரி இருக்கிறது. தயவுசெய்து அப்படி எழுதாதீர்கள்.

வால்வு செய்கிற வேலை என்னவோ எளிதானதுதான். கம்பியின் அதிர்வை மின்சாரமாக்குகிற கிட்டார் பிக்கப்பிலிருந்து வருவது பெரும்பாலும் ஒரு வோல்ட்டுக்கும் குறைவு. அது வால்வுக்குள் இருக்கிற கிரிட் என்ற கம்பிவலையில் ஏறி இறங்கும்போது, சூடேறி எலெக்ட்ரான் விடுகிற கேத்தோடிலிருந்து, அதை வாங்குகிற பிளேட் என்ற தகட்டுக்குப் பாய்கிற பெரிய ஓட்டம் அதற்குத் தக்கபடி கூடிக் குறையும். மதகுப் பலகையைக் கொஞ்சம் தூக்கி இறக்கி வாய்க்கால் தண்ணீரை ஆள்கிற மாதிரி. இதுவரைக்கும் டிரான்சிஸ்டரும் வால்வும் ஒன்றுதான். அளவுக்கு மேல் தள்ளும்போதுதான் குணம் வேறுபடும். வால்வு, அலையின் உச்சியை மெல்ல மழுக்கும். டிரான்சிஸ்டர் தன் சப்ளை இருக்கிற மட்டும் சுத்தமாகப் போய், எல்லையைத் தொட்டதும் அரிவாள்மணையில் வைத்து நறுக்கின மாதிரி வெட்டும். அந்த வெட்டு முனையிலிருந்து கிளம்புகிற உயர்ந்த அதிர்வுகள்தான் காதைக் குத்துவது. போதாததற்கு, ஓங்கி அடித்தால் பழைய வால்வு ஆம்ப்பின் சப்ளை வோல்ட்டும் கொஞ்சம் தொய்ந்து மீளும். ஸ்வரம் அமுங்கி, அப்புறம் மலரும். இதெல்லாம் கட்டுரையாளர் சரியாகவே சொல்லியிருக்கிறார்.

ஆனால் இதை யாரோ மகான் உட்கார்ந்து திட்டம் போட்டுச் செய்தது போல எழுதியிருப்பதைத்தான் ஏற்க முடியவில்லை. லியோ ஃபென்டர் கலிபோர்னியாவில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். அவர் ஆம்ப் கட்டியது சுத்தமான ஒலிக்காக. லண்டன் ஹான்வெல்லில் டிரம் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல் 1962 வாக்கில் தன் ஆட்களைக் கொண்டு முதல் ஆம்ப்பைச் செய்தபோது, முன்னால் வைத்துக்கொண்டது ஃபென்டரின் பாஸ்மேன் சர்க்யூட்டை. பாஸ்மேன் என்பது பேஸ் கிட்டாருக்கென்று வந்த ஆம்ப். லண்டனில் கிடைத்த வால்வு, கிடைத்த டிரான்ஸ்பார்மர், பின்பக்கம் மூடிய பெட்டியில் நாலு செலஸ்டியன் ஸ்பீக்கர் என்று போட்டதில் ஒலி வேறாகிவிட்டது. கையில் இருக்கிற பார்ட்ஸைப் போட்டு ஓட்டுவது நம் தொழிலில் புதிதா என்ன.

டிரான்சிஸ்டருக்குக் கெட்ட பெயர் வந்ததற்கும் நியாயம் உண்டு. ஃபென்டர் கம்பெனியை 1965இல் சிபிஎஸ் என்ற அமெரிக்க ஒளிபரப்பு நிறுவனம் வாங்கியது. அடுத்த வருடம் அவர்கள் இறக்கிய டிரான்சிஸ்டர் வரிசை எடுபடவில்லை, பழுதுக்குப் பேர் வாங்கி மறைந்தது. அந்தப் பெயரை வைத்தே இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். 1975இல் ஜப்பானின் ரோலண்ட் கம்பெனி கொண்டுவந்த ஜேசி-120 ஆம்ப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரி இல்லை. இரண்டு பன்னிரண்டங்குல ஸ்பீக்கர், 120 வாட். ஒலியை அலைய விடுகிற கோரஸ் என்ற எஃபெக்டைப் போட்டால் ஒரு ஸ்பீக்கரில் நேர் ஒலி, இன்னொன்றில் லேசாக அலையும் ஒலி. இரண்டும் காற்றில் வந்து கலக்கிறபோது கிடைக்கிற அந்தத் தண்ணீர் மின்னுகிற மாதிரிப் பளபளப்பை வேறு ஆம்ப்பில் எடுப்பது சிரமம். உள்ளே ஒரு வால்வு கிடையாது. ப்ளூஸ் என்றாலே வால்வு என்கிறவர்கள், பி.பி. கிங் வருடக்கணக்கில் லேப் சீரிஸ் எல்5 என்ற டிரான்சிஸ்டர் ஆம்ப்பை வைத்து வாசித்தார் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். பன்டேரா குழுவின் டைம்பேக் டாரல் அந்த இரும்பறுக்கிற ஓசையை எடுத்தது ரண்டால் டிரான்சிஸ்டர் ஆம்ப்பில்.

பையனிடம் இதையெல்லாம் சொன்னேன். தலையை ஆட்டினான், நம்பவில்லை. சரி, வாயால் சொல்லிப் பயனில்லை என்று சனிக்கிழமை சாயங்காலம் கடையிலேயே ஒரு பரீட்சை வைத்தேன்.

ரிப்பேருக்கு வந்து முடிந்து நின்ற 15 வாட் வால்வு ஆம்ப் ஒன்று இருந்தது, அவுட்புட்டில் இஎல்84 வால்வு இரண்டு. சொந்தக்காரரிடம் போனில் அனுமதி கேட்டுக்கொண்டேன். இரண்டாவது, பையனின் டிரான்சிஸ்டர் ஆம்ப். மூன்றாவது, ஒரு மெல்லிசைக் குழுத் தம்பியின் டிஜிட்டல் பெட்டி. அதற்கு நான் 2என்3055 டிரான்சிஸ்டர் போட்டுக் கட்டி வைத்திருக்கிற பவர் ஆம்ப்பைக் கொடுத்தேன். மூன்றுக்கும் ஒரே ஸ்பீக்கர்: பின்பக்கம் பாதி திறந்த பிளைவுட் பெட்டியில் பன்னிரண்டங்குல கிட்டார் ஸ்பீக்கர், 8 ஓம். டிஜிட்டலில் ஸ்பீக்கர் போல நடிக்கும் பகுதியை அணைத்துவிட்டேன், அசல் ஸ்பீக்கர்தான் எதிரே இருக்கிறதே. இரண்டு கை தூரத்தில் போனை வைத்து, மூன்றும் 85 டெசிபல் காட்டும்படி குமிழைத் திருகினேன். இது முக்கியம். கொஞ்சம் சத்தம் கூடினாலே அதுதான் நல்ல ஆம்ப் என்று நம் காது சொல்லிவிடும். குறுக்கே ஒரு வேட்டியைக் கட்டித் தொங்கவிட்டேன்.

ஒயரை மாற்றி மாட்டும்போது ஒவ்வொரு தடவையும் வால்வு ஆம்ப்பை அணைத்தேன். ஸ்பீக்கர் இல்லாமல் அதை ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் போய்விடும். டிரான்சிஸ்டருக்கு நேர்மாறு. ஸ்பீக்கர் இல்லாவிட்டால் அதுபாட்டுக்கு இருக்கும், ஒயர் இரண்டும் ஒட்டிக்கொண்டால்தான் புகையும்.

கேட்க வந்தவர்கள் பாடகர் குழுவை நடத்துகிற சார், பக்கத்துக் காயில் கட்டும் கடைக்காரர், நம் பையன். வேட்டிக்கு அந்தப் பக்கம் நான் வாசித்தேன். சுத்தமான ஒலியில் யாருக்கும் பிடிபடவில்லை. காயில் கடைக்காரர் டிரான்சிஸ்டரைக் காட்டி இதுதான் வால்வு என்று சத்தியம் செய்தார். சார், மூணும் ஒண்ணுதானே என்று எழுந்தே விட்டார், பிடித்து உட்கார வைத்தேன். கெயினைக் கூட்டி ஆம்ப்பைக் கரகரக்க விட்டதும் டிரான்சிஸ்டர் தனியாகத் தெரிந்தது, கொஞ்சம் வறட்டு ஓசை. அதையே சுத்தத்தில் விட்டுவிட்டு, முன்னால் ஒரு ஓவர்டிரைவ் பெடலை (கரகரப்பைச் சேர்க்கிற சின்னக் காலடிப் பெட்டி) செருகியதும் திரும்பக் குழம்பிவிட்டார்கள்.

அப்புறம் வேட்டிக்கு இந்தப் பக்கம் பையனிடம் கிட்டாரைக் கொடுத்து, நான் ஆம்ப்பை மாற்றினேன். இரண்டாவது வரி வாசிக்கும்போதே வால்வு எது என்று சொல்லிவிட்டான். "இது விரலுக்குள்ள வருது அண்ணாச்சி." உண்மைதான். மெதுவாகத் தொட்டால் சுத்தம், அழுத்தினால் கரகரப்பு. கிட்டாரின் வால்யூம் குமிழைப் பாதிக்குக் குறைத்தால் கரகரப்பு தானாக விலகிவிடும். டிஜிட்டலையும் இரண்டு தடவை வால்வு என்றான், டிரான்சிஸ்டரை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. ஆனால் அவன் முகம் மலர்ந்த அந்த இடத்தைக் கேட்டுக்கொண்டிருந்த மற்ற இரண்டு பேரும் கவனிக்கவே இல்லை. வால்வின் சுகத்தில் பெரும்பங்கு வாசிக்கிறவனுக்கே போய்விடுகிறது. அது பெரிய சுகம்தான், வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். லோன் போடும் முன் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கடைசியாக, அவர்களிடம் சொல்லாமல் ஒரு வேலை செய்தேன். அதே வால்வு ஆம்ப்பை, ஒரு பழைய ஹோம் தியேட்டர் பெட்டியின் ஸ்பீக்கரில் மாட்டினேன். மூன்று பேரும் ஒரே குரலில், இது டிரான்சிஸ்டர், மட்டம் என்றார்கள்.

கிட்டார் ஸ்பீக்கர் எல்லாவற்றையும் பாடுகிற ஸ்பீக்கர் இல்லை. கிட்டாரின் தடித்த கம்பி சும்மா மீட்டினால் 82 ஹெர்ட்ஸ். அங்கே தொடங்கி ஏறக்குறைய 5,000 ஹெர்ட்ஸ் வரை ஸ்பீக்கர் பாடும், அதற்கு மேலே சரசரவென்று விழுந்துவிடும். கரகரப்பில் இருக்கிற பிசிறு பெரும்பாலும் அந்த மேல்பகுதியில்தான் இருக்கிறது. கோன் என்கிற ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு நல்லதாக இருந்தால் அதை வடிகட்டிவிடும். உச்ச ஒலிக்கென்று ட்வீட்டர் வைத்த ஸ்பீக்கரில் அதே கரகரப்பை விட்டால் தகர டப்பாவுக்குள் வண்டு மாட்டிய சத்தம் கேட்கும். கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் 1964இல் என்ன செய்தார்? எல்பிக்கோ என்ற ஒரு சின்ன ஆம்ப்பின் ஸ்பீக்கர் கோனை பிளேடால் கீறினார். உலகம் பூராவும் கேட்ட கரகரப்பு அந்தக் கிழிந்த காகிதத்திலிருந்து வந்தது. ஸ்பீக்கர் ஒலியை இப்படி மாற்றும் என்று கட்டுரையில் ஒரு இடத்திலும் இல்லை.

போகிற போக்கில் இன்னொன்று. 100 வாட் ஆம்ப் 50 வாட்டைப்போல் இரண்டு மடங்கு சத்தம் என்று போட்டிருக்கிறீர்கள். 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்கு என்று பட வேண்டுமானால் பத்து மடங்கு வாட் வேண்டும். சர்ச்சில் 50 வாட் வால்வு ஆம்ப்பைக் கரகரக்கும் அளவுக்குத் திருகினால் போதகர் ஐயா முதல் பாட்டிலேயே இறங்கி வந்துவிடுவார்.

டிஜிட்டலுக்கு வருகிறேன். என் வயதுக்காரர்கள் முகம் சுளிப்பார்கள், நானும் சுளித்திருக்கிறேன். 1998இல் லைன் 6 கம்பெனி பாட் என்று சிவப்பாக, சிறுநீரக வடிவத்தில் ஒன்று விட்டது. அதைக் கேட்டபோது பொம்மை என்றுதான் நினைத்தேன். இன்றைக்கு நிலைமை வேறு. கிட்டாரின் ஒலியை நொடிக்கு 48,000 தடவை அளந்து எண்ணாக்கி, ஒவ்வொரு வால்வும் டிரான்ஸ்பார்மரும் அதை என்ன செய்யும் என்று கணக்குப் போட்டு, திரும்ப ஒலியாக்குகிறார்கள். 2011இல் ஜெர்மனியிலிருந்து வந்த கெம்பர் என்ற பெட்டி இன்னும் ஒரு படி மேலே போனது. நீங்கள் வைத்திருக்கிற அசல் ஆம்ப்புக்குள் சோதனை ஒலிகளை அனுப்பி, மைக்கில் திரும்பி வருவதைப் பிடித்து, அந்த ஆம்ப்பின் சாயலை எடுத்து வைத்துக்கொள்ளும். இப்போது நியூரல் ஆம்ப் மாடலர் என்று இதே மாதிரி வேலைக்கு இலவச மென்பொருளே வந்துவிட்டது.

கணக்குப் போட நேரமாகுமே, விரலுக்கும் ஒலிக்கும் இடைவெளி விழாதா என்று கட்டுரை கேட்கிறது. 3 மில்லி செகண்ட் ஆகும் என்றே வைத்துக்கொள்வோம். ஒலி காற்றில் ஒரு மில்லி செகண்டுக்கு 34 சென்டிமீட்டர் போகும். ஆக, ஆம்ப்பிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நின்று வாசிப்பதற்குச் சமம். கொடை மேடையில் ஆம்ப் டிரம்முக்குப் பின்னால் இருக்கும், கிட்டார்காரர் முன்னால் நிற்பார். ஒருவரும் இதுவரை புகார் சொன்னதில்லை.

டிஜிட்டலைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் வேறு. அது தருவது மைக் வைத்துப் பிடித்த ஆம்ப்பின் ஒலி. அறைக்குள் அசல் ஆம்ப் முன்னால் நின்றால் வயிற்றில் வந்து இடிக்குமே, அதை ஹெட்போனில் தேடினால் கிடைக்காது. ஆனால் கூட்டத்துக்கு எந்த ஆம்ப்பும் மைக் வழியாகத்தானே போகிறது? 2013 டிசம்பரில் மெட்டாலிகா குழு அண்டார்டிகாவில் வாசித்தபோது கூட்டத்துக்கு ஸ்பீக்கரே வைக்கவில்லை, வந்தவர்கள் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்டார்கள். கனத்தையும் பாருங்கள். ஃபென்டர் ட்வின் ரிவெர்ப் வால்வு ஆம்ப் 29 கிலோ. அதையே 2019இல் டோன் மாஸ்டர் என்று டிஜிட்டலாக விட்டார்கள், 15 கிலோ. தென்காசி பஸ்ஸில் ஆம்ப்பை ஏற்றி இறக்கி, கண்டக்டரிடம் லக்கேஜ் தகராறு செய்தவனுக்கு இந்த 14 கிலோவின் அருமை தெரியும்.

இனி அதன் குறை. போன ஆடியில் ஒரு கொடை. பாட்டு நடுவில் கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு மாறியது, இரண்டே செகண்ட். கீபோர்டுக்கு யுபிஎஸ் இருந்தது. பேஸ் கிட்டாரின் டிரான்சிஸ்டர் ஆம்ப் உடனே எழுந்துவிட்டது. வால்வு இருந்திருந்தால் அதுவும் சூடு ஆறுவதற்குள் பாடியிருக்கும். லீட் கிட்டார் தம்பியின் டிஜிட்டல் பெட்டி மட்டும் கம்பெனிப் பெயரைத் திரையில் காட்டிக்கொண்டு நின்றது. பல்லவி முடிந்து சரணம் வந்த பிறகுதான் தயார் என்றது. அதே பெட்டி ஐப்பசி இடியில் போனது. திறந்து பார்த்தேன். நகத்தைவிடச் சின்னப் பார்ட்ஸ், அடியில் கால் தெரியாத ஐசிகள். என் சால்டரிங் அயர்ன் அங்கே உலக்கை. சர்வீஸ் சென்டருக்கு அனுப்பினோம். போர்டையே மாற்ற வேண்டும், வர மூன்று மாதம் என்று பதில் வந்தது. அவர்கள் சொன்ன தொகைக்கு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் புதிது வாங்கிவிடலாம்.

இதற்கு எதிராக அப்பாவின் அந்த வால்வு ஆம்ப் இன்னும் என் கடையில் ஓடுகிறது. கண்டென்சர் எல்லாம் மாற்றிவிட்டேன், ஒரு தடவை பவர் டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்துக் கடையிலேயே காயில் கட்டினோம். (அவுட்புட் டிரான்ஸ்பார்மர் அப்படி லேசில் கட்ட வராது. பிரைமரியும் செகண்டரியும் அடுக்கடுக்காகக் கலந்து சுற்றியிருக்கும், பொறுமை வேண்டும்.) டிரான்சிஸ்டர் ஆம்ப் என்றால், கரண்ட் வரும் வழியில் தொடராக ஒரு சீரிஸ் பல்பைப் போட்டுப் பார்த்து, பல்பு பளிச்சென்று எரிந்தால் ஷார்ட் என்று தெரிந்துகொண்டு, அவுட்புட் டிரான்சிஸ்டரையும் மைக்கா ஷீட்டையும் மாற்றி அன்றைக்கே அனுப்பிவிடுவேன். பார்ட்ஸ் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும், நம் ஊரிலேயேகூடக் கிடைக்கும். வால்வுக்கு இந்த வசதி இல்லை. இன்றைக்கு உலகத்துக்கே ரஷ்யாவின் சரடோவ், ஸ்லோவாக்கியாவின் சாட்சா, அப்புறம் சீனா என்று விரல் விட்டு எண்ணும் இடங்களிலிருந்துதான் வருகிறது. 2022இல் போர் தொடங்கியதும் ரஷ்ய வால்வு வருவது கொஞ்ச காலம் நின்று, வரும்போது விலை ஏறி வந்தது. பவர் வால்வு மாற்றினால், பெரும்பாலான பெரிய ஆம்ப்புகளில் பயஸும், அதாவது வாசிக்காமல் சும்மா இருக்கும்போது வால்வில் ஓடுகிற கரண்டின் அளவும், திருத்தி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பிளேட் செவசெவ என்று பழுத்துப் பாழாகிவிடும். வாராவாரம் மேடை ஏறுகிறவர் ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒருமுறை இந்தச் செலவை எடுத்து வைக்கத்தான் வேண்டும்.

அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவரும் ஆம்ப் பற்றி எச்சரிக்கை போட்டிருக்கலாம். அது 120 வோல்ட். நம் 230இல் நேராகச் செருகி, ஒரு தம்பி கருகின வாசனையோடு தூக்கிக்கொண்டு வந்தார். சித்தப்பா 19 மணி நேரம் மடியில் வைக்காத குறையாகக் கொண்டுவந்த ஆம்ப் அது. பாட்டு ஒன்றுகூட வாசிக்கவில்லை.

எர்த் விஷயம் அதைவிட முக்கியம். மூன்று பின் பிளக்கின் பெரிய பின்னை வெட்டிவிட்டு இரண்டு பின் பிளக் பாயிண்டில் செருகுகிற பழக்கம் நம் மேடைகளில் இன்னும் இருக்கிறது. ஆம்ப்பில் லீக் இருந்தால் கிட்டார் கம்பியே மின்கம்பி. கையில் கம்பி, உதட்டில் மைக் என்றால் பாடகர் வழியாகத்தான் அது எர்த்துக்குப் போகும். ஸ்காட்லாந்துக் கிட்டார்காரர் லெஸ் ஹார்வி 1972இல் ஸ்வான்சீ நகர மேடையில் மைக்கைத் தொட்டு அப்படித்தான் இறந்துபோனார். வால்வு, டிரான்சிஸ்டர், டிஜிட்டல் எதுவானாலும் பின்னை வெட்டாதீர்கள் என்று அடுத்த இணைப்பில் ஒரு கட்டம் கட்டிப் போட்டால் உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

பையன் லோன் எடுக்கவில்லை. ஆம்ப்பில் இருந்த பத்தங்குல ஸ்பீக்கரைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, பன்னிரண்டங்குலத்துக்குப் பெட்டி செய்ய முருகன்குறிச்சியில் ஒரு தச்சரிடம் அளவு கொடுத்திருக்கிறான். ஒரு ஓவர்டிரைவ் பெடலும் வாங்கியிருக்கிறான். மாதாமாதம் தவணை கட்ட வைத்திருந்த பணத்தை என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டேன்.

"ட்யூப் ஆம்ப்புக்குச் சேக்கப் போறேன் அண்ணாச்சி" என்றான்.

சேர்க்கட்டும். வாங்கி வந்தால் பயஸ் வைத்துத் தர நான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஆம்ப்ளிபையர் பழுது பார்க்கும் வாசகன்,
பாளையங்கோட்டை.

(பெயரும் கடைப் பெயரும் போட வேண்டாம். விளம்பரத்துக்கு எழுதினேன் என்பார்கள்.)